சோகைப்பூ

ஜூன் 9

ஆய்வுப் பதிவேட்டில் இன்று எழுதியது: முதல் பறிப்பு, வானம் தெளிவு. அதில் எழுத முடியாதவற்றை எழுதலாம் என்றுதான் இந்த நோட்டை வாங்கினேன். உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை.

உள்ளதை எழுதுகிறேன். நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். மலர் ஆராய்ச்சிப் பண்ணை, ஏழாம் எண் வயல். டெல்லி கனகாம்பரத்தின் தண்டுகளைக் காமா கதிர்வீச்சுக் கூடத்தில் வைத்து எடுத்து, வேர்பிடிக்க வைத்து, பிப்ரவரியில் நட்டோம். கதிரே படாததையும் சேர்த்து ஆறு அளவுகள், பதினெட்டுப் பாத்திகள், 720 செடிகள். உயிரோடு இருப்பவை 511. இந்த வகை விதை பிடிக்காது. மகரந்தம் சேர்த்துப் புது நிறம் கொண்டுவர முடியாது. செல்லுக்குள் ஏதாவது உடைந்தால்தான் உண்டு. உடைப்பது என் வேலை. உடைந்ததைக் கண்டுபிடிப்பதும் என் வேலை.

என் வழிகாட்டி தணிகாசலம் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார். மார்ச்சுக்குள் நிறம் மாறிய ஒரு செடியாவது வேண்டும். இல்லையென்றால் வயல் மக்காச்சோளப் பிரிவுக்குப் போகும். என் உதவித்தொகையும் அதோடு நிற்கும்.

பாத்திக்கு ஐந்து செடிகளில் அட்டை கட்டி உயரம், கிளை, பூ எல்லாம் அளக்க வேண்டும். அதோடு எல்லாச் செடிகளையும் வெள்ளிதோறும் ஒன்று விடாமல் பார்த்து, நிறமாற்றம் உண்டா இல்லையா என்று கட்டத்தில் எழுத வேண்டும். முறையை வகுத்தது நான்தான்.

ஜூன் 16

வெள்ளி. 511 செடிகளையும் பார்த்தேன். நான்கு மணி நேரம். மாற்றம் இல்லை. கழுத்து வலி.

ஜூன் 17

பறிக்கும் பெண்கள் ஏழு பேர். ஆளுக்குச் சில நிரைகள் என்று பிரித்துக்கொண்டு, ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுகிறார்கள். நான் ஒன்பதுக்கு வரும்போது பைகள் எடைமேடையில் இருக்கும். பெண்கள் வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஏழாம் எண் வயலுக்குக் 'கரண்டு செடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"மேடம், கைய வச்சா எங்களுக்கும் கரண்டு அடிக்குமா?" என்றாள் ராக்கு.

"அடிச்சிருந்தா நீ இம்புட்டுப் பேசுவியா?" என்றாள் ஒச்சம்மா.

ஒச்சம்மாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். இரண்டு கையாலும் பறிக்கிறவள். என் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பூவே வைக்காத தலைக்குப் பூவுல படிப்பா மேடம்?"

"எங்க சபையில பூ வைக்கிறதில்ல."

"சாமிக்கு?"

"சாமிக்கும் இல்ல."

"ஆத்தி. அப்புறம் அந்தச் சாமி எதத்தான் வாங்கிக்கிரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். விடுதிக்கு வந்த பிறகு மூன்று பதில்கள் தோன்றின.

ஜூன் 23

பைகளில் இலை, காம்பு, காய்ந்த செதில். எடை தவறாகிறது. பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "பூவ மட்டும் குடுங்க. கழிவு எதையும் பையில சேக்காதீங்க. ஒண்ணுகூட."

"சரி மேடம்" என்றார்கள்.

வெள்ளி. மாற்றம் இல்லை.

ஜூன் 30

முந்நூறு செடிகள் வரை பார்த்தேன். வெயில். மீதியும் அப்படித்தான் இருக்கும். மாற்றம் இல்லை.

ஜூலை 14

மழை. அலுவலக ஜன்னலிலிருந்து ஏழாம் எண் வயல் முழுவதும் தெரிகிறது. ஒரே ஆரஞ்சு. மாற்றம் இல்லை.

ஆகஸ்ட் 4

மார்த்தாண்டம். அண்ணன் கல்யாணம் நேற்று முடிந்தது. பெண் வீட்டார் மேடையில் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள். அது கூடுமா கூடாதா என்று பாஸ்டரிடம் ஒருவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கோழிக்கறியை என் தட்டில் தள்ளியபடி சொன்னாள்: "பூவு வைக்கப்பிடாதுன்னு வளத்த பிள்ள பூவுல டாக்டராவப் போறா. ஜெபக்கூட்டத்துல கேக்காவ, நான் செடியில படிக்கான்னு சொல்லிருக்கேன் மக்களே."

"செடிதான்."

"எப்பம் முடியும்?"

"மார்ச்."

அம்மா அந்த மாதத்தைக் காலண்டரில் தேடினாள்.

ஆகஸ்ட் 8

திரும்பினேன். நான்காம் தேதிக் கட்டம் காலியாக இருந்தது. நிரப்பினேன்.

செப்டம்பர் 22

மாற்றம் இல்லை.

அக்டோபர் 13

பூவை ஏலத்துக்கு எடுப்பவர் பண்ணைக்கு வந்திருந்தார். கரண்டு செடிப் பூ மாதிரிச் சுத்தமான பூ இந்த வட்டாரத்திலேயே இல்லை என்றார். "ஒரு பூ நெறம் மாறி இருக்காதுங்க. கோத்து வச்ச மாதிரி இருக்கும். அதுலயும் ஒச்சம்மா பை." சந்தோஷமாக இருந்தது. ஒச்சம்மாவிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குத்தான கண்ணு இருக்கு" என்றாள்.

நவம்பர் 20

கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பியாயிற்று. "511 செடிகளும் வாரந்தோறும் தனித்தனியே பார்வையிடப்பட்டன. எந்த அளவிலும் நிறமாற்றம் காணப்படவில்லை." அனுப்புமுன் 'தனித்தனியே' என்ற சொல்லை எடுத்தேன். பிறகு திரும்பச் சேர்த்தேன்.

தணிகாசலம் சார் படித்துவிட்டு, "ஒன்னுமில்லங்கிறதும் ஒரு முடிவுதான் ஷெர்லி. ஆனா அத வச்சு யாரும் வயல் குடுக்க மாட்டாங்க" என்றார்.

டிசம்பர் 15

கடிதம் வந்துவிட்டது. மதிப்பீட்டுக் குழு பிப்ரவரி 27. வயலை ஒப்படைக்க வேண்டிய நாள் மார்ச் 15.

மதியம் தூங்கினேன்.

ஜனவரி 19

அறிக்கைக்குப் பறிப்பு நேரத்துப் படம் வேண்டும் என்று சார் சொன்னதால் ஐந்தேகாலுக்கு வயலில் இருந்தேன். ஏழு மாதத்தில் முதல் முறை. பனி. பெண்கள் நெற்றியில் டார்ச் கட்டியிருந்தார்கள். அப்படித்தான் பறிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

வாய்க்கால் வரப்பில் ஒரு குவியல். இலை, செதில், ஒடித்துப் போட்ட பூங்கதிர்கள். அவற்றின் மேல் ஒரு பூ. வெளிறிய சந்தன நிறம். தொண்டையில் மட்டும் மஞ்சள். டார்ச் வெளிச்சம் ஏமாற்றும் என்று அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். ட்யூப்லைட்டின் கீழ், ஆரஞ்சுப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போதும் சந்தனம்தான்.

திரும்ப ஓடினேன்.

"இது எந்தச் செடி?"

ஏழு டார்ச்சும் என் முகத்தில் விழுந்தன.

"எந்தச் செடின்னு கேக்கிறேன்."

"அது சோகைப்பூ மேடம்" என்றாள் ராக்கு. "சோகை பிடிச்சது. எப்பயாச்சும் ஒன்னு வரும்."

"வந்தா?"

ஒச்சம்மா நிமிர்ந்தாள். "கிள்ளிப் போட்ருவோம். ஒரு சோகை கெடந்தாலும் ஏலக்காரரு பையத் தள்ளிருவாருல்ல. கதிரோட ஒடிச்சிட்டா மறுக்கா அதுல வராது."

"எத்தன நாளா ஒடிக்கிறீங்க?"

"பூ எடுக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்துதான். எந்த வயலா இருந்தாலும் அப்பிடித்தான்."

கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை முழுக்க எழுதவில்லை. மூளை என்ற சொல் இருந்தது. ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒச்சம்மா நெற்றி டார்ச்சை அணைத்தாள். "கழிவு சேக்காதீகன்னு சொன்னது நீங்க மேடம். ஒன்னுகூடன்னீக." பையை எடைமேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 20

ஒச்சம்மா வரவில்லை. வெளிறிய பூ மதியத்துக்குள் வாடியது. படம் எடுத்திருந்தேன். படத்தில் சாதாரண ஆரஞ்சு போலத்தான் தெரிகிறது.

ஜனவரி 22

வரவில்லை.

"கோவம் மேடம்" என்றாள் ராக்கு. "வஞ்சது கூடப் பரவால்ல. எங்க முன்னாடி வஞ்சீகல்ல."

"நீங்க சொல்லுங்க. எந்தச் செடிகள்?"

"என் நெரையில ரெண்டு இருக்கு, காட்டுறேன். அவ நெர அவளுக்குத்தான் தெரியும். அதுலதான் சோகை சாஸ்தி."

ராக்கு காட்டிய இரண்டிலும் எல்லாப் பூவும் ஆரஞ்சு. ஒடித்த கதிரின் அடிக்கட்டை மட்டும் இருக்கிறது.

ஜனவரி 26

ஆறு நாட்களாக விடிகாலையில் தொடங்கிப் பார்க்கிறேன். ஒடிந்த அடிக்கட்டைகள் வயல் முழுக்க இருக்கின்றன. பூத்து முடிந்த கதிரையும் ஒடிப்பார்களாம். எது எதற்காக ஒடிந்தது என்று கட்டை சொல்லாது. சந்தன நிறம் ஒன்றுகூட இல்லை.

511 செடிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஏழு மணி நேரம் ஆகிறது. ஜூன் 16 அன்று நான்கு என்று எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 28

ஒச்சம்மாவின் வீட்டுக்குப் போனேன். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மாவைத் தள்ளிவிடப் போய்விட்டார்.

"தப்பா பேசிட்டேன்" என்றேன்.

"ஆமா."

கல்லில் ஒட்டிய மாவை வழித்தார்.

"எந்தச் செடின்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சொல்றேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. அந்தச் செடிய எதுக்கு வச்சீக?"

சொன்னேன். காமா, செல், நிறம், மார்ச் 15. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு வருடமாக அதை அந்த வயலில் யாருக்கும் சொல்லவில்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது.

ஒச்சம்மா கிரைண்டரை நிறுத்தினார். "அப்ப சோகை வரணும்னுதான் கரண்டு வச்சீகளா?"

"ஆமா."

சிரிக்க ஆரம்பித்தார். மாவுக்கையை முகத்துக்குக் கொண்டுபோய்விட்டு இறக்கினார். "அடி ஆத்தி. நீங்க அதுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கீக, நா இங்குட்டுக் கழுத்த ஒடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

"மொதல்ல எப்ப பாத்தீங்க?"

"ஆடிப்பெருக்குக்கு மறுநா. வெள்ளிக்கெழம. தெக்கு வாய்க்கா ஓரம் நாலாவது செடி. இப்பிடி வெளுத்து நா பாத்ததில்ல. கரண்டுல கருகிருச்சோ என்னமோ, மேடத்துக்கிட்டக் காட்டுவோம்னு ஆபீசுக்கு வந்தேன். ஊருக்குப் போயிருக்காகன்னாக. முந்தானையில முடிஞ்சு ரெண்டு நா வச்சிருந்தேன். வாடிப்போச்சு. அப்புறம் வந்ததெல்லாம் ஒடிச்சதுதான்."

ஆடிப்பெருக்குக்கு மறுநாள். ஆகஸ்ட் 4.

கிளம்பும்போது இட்லி சாப்பிடச் சொன்னார். இப்போது ஆட்டியது நாளைக்குத்தான் புளிக்கும், இட்லி நேற்றைய மாவு என்றார். மூன்று சாப்பிட்டேன்.

பிப்ரவரி 3

மூன்று நாட்கள் ஒச்சம்மா வயலில் நடந்தார். பறிக்கவில்லை. நின்று, யோசித்து, பழைய சேலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டே போனார். சில செடிகளில் கட்டிவிட்டு அவிழ்த்தார். மற்ற பெண்களும் தங்கள் நிரைகளில் கட்டினார்கள்.

"இது நிச்சயமா அக்கா?"

"இது நிச்சயம். அது முக்காவாசி. அந்தா அது, மழையில பாத்தது, வெளுப்பா தண்ணியான்னு தெரியல. அவுத்துரவா?"

"இருக்கட்டும்."

பதினான்கு கிழிசல்கள். அவற்றில் ஒன்று காமாவே படாத பாத்தியில் இருக்கிறது; அதுவும் மாறியிருந்தால் மற்றவை காமாவால்தான் மாறின என்று சொல்ல முடியாது. அட்டை கட்டிய செடிகளில் ஒன்றுகூட இல்லை.

பதினான்கிலிருந்தும் தண்டு வெட்டித் தொட்டியில் வைத்தேன். எழுபது தொட்டிகள். கிளையில் ஒரு பக்கத்துத் திசு மட்டும் மாறியிருந்தால், எந்தத் தண்டில் அது ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. கதிரோடு போயே போயிருக்கவும் கூடும்.

பிப்ரவரி 9

தணிகாசலம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் ஒடித்ததை. அப்புறம் பதிவேட்டை.

நெடுநேரம் மேசைமேல் இருந்த குண்டூசிகளை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல பார்த்தது ஜனவரி 19. அது உண்மைதானே?"

"நான் பார்த்தது."

"அதுக்கு முன்னாடி மாற்றம் இல்ல. தாமதமா வெளிப்பட்டிருக்கு. அப்படி வரும். நல்ல அத்தியாயம்."

"சார், அந்த வாரங்கள்ல நான் வயலுக்குள்ள போகவே இல்ல."

"பொய் சொல்லச் சொல்லல ஷெர்லி. கேக்காததச் சொல்ல வேண்டாம்னு சொல்றேன்." குண்டூசி டப்பாவை மூடினார். "காமா படாத பாத்தியில இருக்கிறதையும் விட்டுடு. பதிமூணுன்னே இருக்கட்டும்."

பிப்ரவரி 16

வெள்ளி. 511. ஏழு மணி நேரம். சந்தன நிறம் இல்லை. பதிவேட்டில் தொடக்க நேரம், முடித்த நேரம் என்று இரண்டு கட்டங்கள் புதிதாகப் போட்டேன். முந்தைய பக்கங்களில் அவை இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 26

அம்மாவிடம் பேசினேன். நாளைக்காக உபவாசம் இருக்கிறாளாம். "எல்லாம் நல்லபடியா முடியும் மக்களே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒனக்கு வாய் நீளம்."

பிப்ரவரி 27

குழுவில் நான்கு பேர். வயலைச் சுற்றிவிட்டு அரங்கில் உட்கார்ந்தார்கள். கிழிசல் கட்டிய செடிகளின் படங்களைக் காட்டினேன். பதினான்கு. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓரத்தில் இருந்த அம்மையார் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"வாராவாரம் ஐந்நூத்திப் பதினோரு செடியும் பாத்தீங்களாம்மா?"

கேட்டுவிட்டார்.

"இல்லை மேடம்."

"எத்தனை வாரம் பார்த்தீங்க?"

"முழு வயலும்னா, ஜனவரிக்கு முன்னாடி இரண்டு வாரம், அதுவும் அவசரமா. மீதி நான் பார்க்கவில்லை. பார்த்ததா எழுதினேன். மாறிய பூ ஆகஸ்டிலேயே வந்திருக்கு. அதைப் பார்த்தது ஒச்சம்மா, பூப் பறிக்கிறவங்க. என்கிட்ட காட்ட வந்திருக்காங்க. நான் இல்லை."

அம்மையார் பதிவேட்டை மூடவில்லை. பேனாவால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஏதோ குறித்தார்.

மாலையில் முடிவு. முதல் வருடத் தரவு முழுவதும் செல்லாது. கருத்தரங்குச் சுருக்கத்தை நானே கடிதம் எழுதித் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை நீட்டிப்பு இல்லை. வயல் நீட்டிப்பு இல்லை. நிழல்வலைக் கூடாரத்தில் தொட்டிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிறம் நிலைத்த செடி ஒன்று ஜூன் இறுதிக்குள் பூத்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம். பூக்கவில்லையென்றால் என் முனைவர் பட்டப் பதிவு ரத்து.

சார் படியில் இறங்கும்போது, "பதினாலுன்னே சொல்லிட்ட" என்றார்.

மார்ச் 15

டிராக்டர் ஒன்பதேகாலுக்கு வந்தது. பதினொன்றரைக்கு முடிந்தது. பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். பாதி வயல் உழுத பிறகு ஒச்சம்மா கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். ஒரு செடியருகே போய் நின்றார். திரும்பி வந்தார்.

"இல்ல. நா நெனச்ச செடி வேற வயலு" என்றார்.

டிராக்டர் போனது.

ஆய்வேட்டில் எழுத வேண்டிய வரி: மீதி 497 செடிகளில் எத்தனை மாறியிருந்தன என்பது தெரியவில்லை.

ஏப்ரல் 22

எழுபதில் வேர்பிடித்தவை 46. நிலக்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் மாலை வகுப்பு எடுக்கிறேன், பத்தாம் வகுப்பு அறிவியல். அம்மாவிடம் இன்னும் ஒரு வருடம் ஆகலாம் என்றேன். "ஆகலாமா, ஆகுமா?" என்று கேட்டாள்.

மே 19

பூக்க ஆரம்பித்துவிட்டன. ஒன்பது தொட்டிகள். ஆரஞ்சு.

மே 30

இருபத்தெட்டு. ஆரஞ்சு. காமா படாத பாத்தியின் மூன்று தொட்டிகளும் ஆரஞ்சு.

ஜூன் 7

நாற்பத்தொன்று. ஆரஞ்சு. இன்னும் பூக்காதவை ஐந்து தொட்டிகள். இரண்டில் அசுவினிப் பூச்சி.

ஜூன் 12

ஒச்சம்மா இப்போது மூன்றாம் எண் வயலில் மல்லி எடுக்கிறார். பறிப்பு முடிந்து போகும்போது கூடாரத்தில் எட்டிப் பார்ப்பார். இன்று காலை நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது, 31ஆம் தொட்டியின் முன்னால் நின்றிருந்தார்.

"இந்தா, சோகை" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை போய்விட்டது.

பூ அவர் விரலில் இருந்தது. சந்தன நிறம். தொண்டையில் மஞ்சள்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"ஆத்தி" என்றார் மெதுவாக. "கை தானாப் போச்சு மேடம். சத்தியமா தானாப் போச்சு."

கதிரைப் பார்த்தேன். ஒடியவில்லை. பூவை மட்டும்தான் உருவியிருந்தார். மேலே பச்சைச் செதில்களுக்குள் மொட்டுகள். எண்ணினேன். பதினெட்டு. திரும்ப எண்ணினேன்.

"பரவால்ல அக்கா. இன்னும் இருக்கு."

ஒச்சம்மா கேட்கவில்லை. பூவின் குழலை அதன் செதிலுக்குள் மெல்லச் சொருகினார். நின்றது. சற்றுத் தள்ளிப் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தெரியல பாருங்க. செடியில இருக்க மாதிரியே இருக்கு. வெரசா போட்டா எடுத்துக்கங்க."

உண்மையிலேயே தெரியவில்லை. போனை எடுத்தேன். திரையில் பூ அழகாக இருந்தது. சந்தன நிறம் சரியாக விழுந்தது.

போனைப் பையில் போட்டேன்.

"நாளைக்கு எடுக்கலாம் அக்கா."

"விரியலன்னா?"

"விரியலன்னா இல்ல."

ஒச்சம்மா என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். "நா வேணா தள்ளியே நிக்கிறேன்" என்றார். "ஆனா எத்தன மணிக்கு வருவீக?"

ஜூன் 13

காலை 5.40. தொட்டி 31. பத்து கிரே அளவு காமா பட்ட பாத்தி, தெற்கு வாய்க்கால் ஓரம், நான்காவது செடியின் தண்டு. இரண்டு பூக்கள். இரண்டும் சந்தனம். பார்த்தவர்கள்: ஒச்சம்மா, நான்.